கடிகார முட்களின் நுனிகள் எப்போது மிக வேகமாக விலகுகின்றன? ஒரு வடிவியல் புதிரைப் படிப்படியாகத் தீர்க்கும் வழி

ஒரு கடிகாரத்தின் மணி முள் 3 அலகு நீளமும் நிமிட முள் 4 அலகு நீளமும் கொண்டவை. இரண்டும் எங்கும் நிற்காமல் ஒரே சீராகச் சுழல்கின்றன. இரு முட்களின் நுனிகளுக்கு இடையே உள்ள தூரம் சில நேரம் கூடும், சில நேரம் குறையும். அது மிக வேகமாகக் கூடிக்கொண்டிருக்கும் கணத்தில் அந்தத் தூரம் எவ்வளவு?

இந்தக் கேள்வி 1983ஆம் ஆண்டின் வில்லியம் லோவெல் புட்னம் கணிதப் போட்டியில், முதல் அமர்வின் இரண்டாவது கணக்காக வந்தது. அமெரிக்கா, கனடா நாடுகளின் இளநிலைப் பட்ட மாணவர்களுக்கான அந்தப் போட்டி கடினத்துக்குப் பெயர் போனது. இருந்தாலும் இந்தக் கணக்கைத் தீர்க்கக் கல்லூரிக் கணிதம் தேவையில்லை. ஒரு வட்டத்துக்கு வெளியே உள்ள புள்ளியிலிருந்து தொடுகோடு வரையத் தெரிந்தவர், அதாவது பத்தாம் வகுப்புச் செய்முறை வடிவியலை ஒருமுறை கடந்து வந்தவர், பேனா, கவராயம், மூலைமட்டம் ஆகியவற்றைக் கொண்டே விடையைக் காணலாம். அந்த வழியைத்தான் இங்கே விளக்குகிறேன். வகைநுண்கணிதம் தெரிந்தவர்களுக்குக் கடைசிக்கு முந்தைய பகுதியில் சில வரிகள் இருக்கின்றன. தெரியாதவர்கள் அவற்றைத் தாண்டிச் செல்வதால் எதையும் இழக்க மாட்டார்கள்.

கேள்வியைச் சரியாகப் படித்தல்

புதிதாக வருபவர்கள் முதலில் தடுமாறும் இடம் கணக்கில் இல்லை, கேள்வியில் இருக்கிறது. நுனிகளுக்கு இடையே உள்ள தூரம் எப்போது மிக அதிகம் என்று கேட்கவில்லை. அதற்கு விடை சொல்ல யோசிக்கவே வேண்டாம்: முட்கள் நேரெதிராக நிற்கும்போது தூரம் 3 + 4 = 7 அலகு, ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும்போது 4 − 3 = 1 அலகு. கேட்கப்படுவது அந்தத் தூரம் கூடுகின்ற வேகத்தின் உச்சம். முட்கள் நேரெதிரே நிற்கும் கணத்தில் தூரம் கூடி முடிந்து இனிக் குறையத் தொடங்கப் போகிறது. அங்கே வேகம் சுழியம். முட்கள் ஒன்றின்மேல் ஒன்று நிற்கும் கணத்திலும் அப்படியே, குறைந்து முடிந்த தூரம் இனிக் கூட வேண்டும் என்பதால் வேகம் சுழியம். ஆகவே நாம் தேடும் கணம் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது.

நடுவில் என்றதும் செங்கோணம் என்று ஊகிக்காதவர் குறைவு. முட்கள் செங்கோணத்தில் நின்றால் தூரம் 5. மூன்று, நான்கு, ஐந்து என்ற பழகிய முக்கோணம் கண்முன் வந்து நிற்கிறது, மனம் அதையே விடையாக ஏற்றுக்கொள்ளத் துடிக்கிறது. கணக்கை அமைத்தவர்கள் 3, 4 என்ற எண்களைத் தெரிந்தே தேர்ந்தெடுத்திருப்பார்கள் என்பது என் எண்ணம். ஐந்து தவறான விடை. உங்கள் ஊகத்தை ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முதல் படி: அட்டையில் ஒரு கடிகாரம்

சுவரில் ஓடும் கடிகாரத்தைப் பார்த்து இதை ஆராய முடியாது. அது நமக்காக நிற்காது, கண்ணாடிக்குள் அளவுகோலை விடவும் முடியாது. கெட்டியான அட்டை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் நடுவில் ஒரு புள்ளியைக் குறித்து, அதைச் சுற்றிப் பாகைமானியால் 10 பாகைக்கு ஒரு கோடாக 0 முதல் 180 வரை வரையுங்கள். இரண்டு மெல்லிய அட்டைப் பட்டைகளை முட்களாக வெட்டுங்கள். 3, 4 என்ற விகிதத்தை மாற்றாமல் 6 செ.மீ., 8 செ.மீ. என்று வைத்துக்கொண்டால் மில்லிமீட்டர் பிழைகள் அவ்வளவாகத் தொல்லை தராது. இரண்டையும் ஒரு குண்டூசியால் மையத்தில் குத்தி, அடியில் தெர்மகோல் துண்டு ஒன்றை வைத்துவிட்டால் முட்கள் தாராளமாகச் சுழலும்.

நீளத்தைக் குண்டூசியிலிருந்து நுனி வரை அளக்க வேண்டும், பட்டையின் முழு நீளத்தை அன்று. இது அற்பமான எச்சரிக்கை போலத் தோன்றலாம். லண்டன் நாடாளுமன்றக் கட்டடத்தின் கோபுரக் கடிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் முகப்பின் விட்டம் ஏறத்தாழ 7 மீட்டர், நிமிட முள்ளின் நீளம் 4.2 மீட்டர் என்று தரப்படுகிறது. முகப்பின் ஆரமே 3.5 மீட்டர்தான் என்றால் முள் எப்படி அதைவிட நீளமாக இருக்க முடியும்? மையத்துக்குப் பின்புறமாக நீளும் எதிர்எடைப் பகுதியும் அந்த 4.2 மீட்டரில் அடக்கம். அந்த எண்ணை அப்படியே எடுத்து இந்தப் புதிரில் போடுகிறவர் இல்லாத ஒரு கடிகாரத்துக்கு விடை கண்டுபிடிப்பார்.

இரண்டாம் படி: இரண்டு சுழற்சியை ஒன்றாக்குதல்

நிமிட முள் ஒரு நிமிடத்தில் 6 பாகை நகர்கிறது. மணி முள் 12 மணி நேரத்தில் 360 பாகை, அதாவது நிமிடத்துக்கு அரைப் பாகை நகர்கிறது. ஆகவே நிமிட முள் மணி முள்ளைவிட நிமிடத்துக்கு 5.5 பாகை முந்துகிறது. மணி முள்ளிலிருந்து கடிகாரச் சுற்றில் நிமிட முள் வரை அளக்கும் கோணத்தை இடைக்கோணம் என்று வைத்துக்கொள்வோம். முட்களின் நீளம் மாறாததால், நுனிகளுக்கு இடையே உள்ள தூரத்தைத் தீர்மானிப்பது இந்த ஒரு கோணம் மட்டுமே. மணி என்ன, முட்கள் முகப்பில் எந்தப் பக்கம் நிற்கின்றன என்பதெல்லாம் தூரத்தைப் பாதிப்பதில்லை.

இடைக்கோணம் 0 பாகையிலிருந்து 360 பாகையை எட்ட 360 ÷ 5.5, அதாவது 65 5/11 நிமிடம் ஆகும். இது 65 நிமிடம் 27 வினாடிக்குச் சற்று அதிகம். முட்கள் ஒன்றன்மேல் ஒன்று வருவதும் இதே இடைவெளியில்தான்; 12 மணி நேரத்தில் அது 12 முறை அன்று, 11 முறை நிகழ்கிறது.

இடைக்கோணம் 0 முதல் 180 வரை போகும்போது தூரம் கூடுகிறது, 180 முதல் 360 வரை குறைகிறது. சரியாக 9 மணிக்கு நிமிட முள் மணி முள்ளுக்கு 90 பாகை முன்னால் நிற்பதால் நுனிகள் விலகிக்கொண்டிருக்கின்றன. சரியாக 3 மணிக்கு நிமிட முள் 90 பாகை பின்னால் நிற்கிறது. இடைக்கோணம் 270, நுனிகள் நெருங்கிக்கொண்டிருக்கின்றன. இரண்டு நேரத்திலும் தூரம் ஒன்றே, படமும் கண்ணாடிப் பிம்பம்போல் ஒன்றே. ஆயினும் ஒன்று கேள்விக்கு உட்பட்டது, மற்றது உட்படாதது. இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் 3 மணிப் படத்தை வைத்துக்கொண்டு கணக்கிட்டு, நேரத்தைத் தலைகீழாகச் சொல்லிவிடுவது பலருக்கும் நேர்வது.

மூன்றாம் படி: அளந்து பார்த்தல்

மணி முள்ளை 0 பாகைக் கோட்டில் பிடித்துக்கொண்டு நிமிட முள்ளைப் பத்துப் பத்துப் பாகையாக நகர்த்தி, ஒவ்வொரு முறையும் நுனிகளுக்கு இடையே உள்ள தூரத்தை அளவுகோலால் அளந்து எழுதுங்கள். 6 செ.மீ., 8 செ.மீ. முட்களுக்குக் கணக்குப்படி வர வேண்டிய தூரங்கள் செ.மீ. அளவில் இவை:

0 பாகை – 2.00
10 பாகை – 2.34
20 பாகை – 3.13
30 பாகை – 4.11
40 பாகை – 5.14
50 பாகை – 6.19
60 பாகை – 7.21
70 பாகை – 8.20
80 பாகை – 9.13
90 பாகை – 10.00

அடுத்தடுத்த எண்களைக் கழித்துப் பாருங்கள் (கீழே உள்ளவை முழுத் துல்லிய மதிப்புகளைக் கழித்து வந்தவை; பட்டியல் எண்களைக் கழித்தால் கடைசி இலக்கம் ஒன்று கூடவோ குறையவோ வரலாம்). முதல் 10 பாகையில் தூரம் 0.34 செ.மீ. மட்டுமே கூடுகிறது, அடுத்ததில் 0.79, அதற்கடுத்ததில் 0.98. 30 முதல் 40 வரையிலும் 40 முதல் 50 வரையிலும் 1.04 என்றே வருகிறது, பிறகு 1.02, 0.98, 0.93, 0.87 என்று இறங்குகிறது. செங்கோணத்தை அடையும்போது வேகம் ஏற்கெனவே குறைந்துகொண்டிருக்கிறது. எனவே ஐந்து என்ற ஊகத்தை இங்கேயே கைவிட்டுவிடலாம்.

ஆனால் உச்சம் சரியாக எங்கே என்பதை இந்த அளவீட்டால் சொல்ல முடியாது. 30 பாகைக்கும் 60 பாகைக்கும் இடையே உள்ள மூன்று கூடுதல்களுக்குள் வேறுபாடு கால் மில்லிமீட்டருக்கும் குறைவு. பள்ளி அளவுகோலில் அது தெரியாது. வேகத்தின் உச்சம் கூர்மையான முனையாக இல்லாமல் அகன்று கிடப்பதே காரணம். அளவீடு நம்மை 40 பாகையின் அக்கம்பக்கத்தில் கொண்டுவந்து விட்டிருக்கிறது. அதற்குமேல் வடிவியல்தான் கைகொடுக்க வேண்டும்.

நான்காம் படி: எந்த முள்ளை நிறுத்துவது?

இந்தப் புதிரின் உயிர் இந்தப் படியில் இருக்கிறது, அதனால் இங்கே சற்று நிதானமாகச் செல்வோம்.

இரண்டு முட்களும் நகரும்போது சிந்திப்பது கடினம். ஒன்றை நிறுத்தினால் எளிது. தூரம் இடைக்கோணத்தை மட்டுமே சார்ந்தது என்பதால் அப்படி நிறுத்துவதற்கு நமக்கு முழு உரிமை உண்டு. அட்டைக் கடிகாரத்தில் ஒரு முள்ளை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு மற்றதை மட்டும் நிமிடத்துக்கு 5.5 பாகை வீதம் நகர்த்தினால் போதும். நுனிகளுக்கு இடையே உள்ள தூரம் உண்மையான கடிகாரத்தில் எப்படி மாறுமோ அப்படியே மாறும்.

எதை நிறுத்துவது? மூன்றாம் படியில் நாம் மணி முள்ளை நிறுத்தினோம். அதுவே மெதுவாக நகர்வது, ஆகவே அதை நின்றதாகக் கொள்வது இயல்பு. ஏறத்தாழ எல்லோரும் இப்படித்தான் தொடங்குவார்கள், பிறகு சூத்திரங்களில் சிக்கிக்கொள்வார்கள். மணி முள் நின்றால், நிமிட முள்ளின் நுனி 8 செ.மீ. ஆரமுள்ள பெரிய வட்டத்தில் சுற்றும். மணி முள்ளின் நுனியோ அந்த வட்டத்துக்கு உள்ளே, மையத்திலிருந்து 6 செ.மீ. தொலைவில் மாட்டிக்கொண்டிருக்கும். வட்டத்துக்கு உள்ளே இருக்கும் புள்ளியிலிருந்து தொடுகோடு வரைய முடியாது. அதனால் சுற்றும் நுனி ஒருபோதும் அந்தப் புள்ளியை விட்டு நேராக விலகிச் செல்வதில்லை, எப்போதும் சாய்வாகவே விலகுகிறது. எந்தச் சாய்வு மிகக் குறைவு என்று தேட வேண்டிவரும்போது படம் மௌனமாகிவிடுகிறது.

மாறாக நிமிட முள்ளை, அதாவது நீளமான முள்ளை, நிறுத்துங்கள். அதை நேர் மேலே 12ஐ நோக்கி வைத்துக்கொண்டால் மணி முள் அதைச் சார்ந்து பின்னோக்கி, கடிகாரச் சுற்றுக்கு எதிராக, நிமிடத்துக்கு 5.5 பாகை சுற்றுகிறது. கடிகாரத்தின் மையத்தை ம என்றும், நிற்கும் பெரிய முள்ளின் நுனியைப் ப என்றும், சுற்றும் சிறிய முள்ளின் நுனியைச் ச என்றும் குறிப்போம். ச என்ற புள்ளி 6 செ.மீ. ஆரமுள்ள வட்டத்தில் மாறா வேகத்துடன் செல்கிறது. ப என்ற புள்ளி மையத்திலிருந்து 8 செ.மீ. தொலைவில், வட்டத்துக்கு வெளியே, அசையாமல் நிற்கிறது.

இப்போது கேள்வி முற்றிலும் வேறு முகம் காட்டுகிறது. மாறா வேகத்துடன் செல்லும் ஒரு புள்ளி, அசையாத ஒரு புள்ளியை விட்டு எப்போது மிக வேகமாக விலகும்? அந்தப் புள்ளிக்கு நேர் எதிர்த்திசையில் ஓடும்போதுதான். சாய்வாகச் சென்றால் வேகத்தின் ஒரு பங்கு மட்டுமே விலகுவதற்குப் பயன்படும், மீதி பக்கவாட்டில் போய்விடும். நேராக விலகினால் முழு வேகமும் விலகலாகிறது. அதைவிட அதிகமாக விலகவே முடியாது. வட்டத்தில் செல்லும் புள்ளி ஒவ்வொரு கணமும் வட்டத்தின் தொடுகோட்டுத் திசையில் செல்கிறது. ஆகவே ச என்ற புள்ளி ப-வை விட்டு நேராக விலக வேண்டுமானால், ப-விலிருந்து ச-வுக்கு வரையும் கோடு வட்டத்தின் தொடுகோடாக இருக்க வேண்டும். ப வட்டத்துக்கு வெளியே இருப்பதால் அத்தகைய தொடுகோடு உண்டு.

தொடுகோடும் தொடுபுள்ளிக்குச் செல்லும் ஆரமும் செங்குத்தானவை. எனவே நாம் தேடிய செங்கோணம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அது இரு முட்களுக்கு இடையே, மையத்தில் இல்லை. மணி முள்ளின் நுனியில் இருக்கிறது. ஊகம் செங்கோணத்தைச் சரியாகவே மோப்பம் பிடித்தது, இடத்தைத்தான் தவறவிட்டது.

ஐந்தாம் படி: கவராயத்தால் வரைதல்

ஒரு தாளில் ம என்ற புள்ளியை மையமாகக் கொண்டு 6 செ.மீ. ஆரமுள்ள வட்டம் வரையுங்கள். ம-விலிருந்து நேர் மேலே 8 செ.மீ. தொலைவில் ப-வைக் குறியுங்கள். ம, ப இரண்டுக்கும் நடுப்புள்ளியை, அதாவது 4 செ.மீ. தொலைவில் உள்ள புள்ளியை, மையமாகக் கொண்டு 4 செ.மீ. ஆரத்தில் இன்னொரு வட்டம் வரைந்தால், அது முதல் வட்டத்தை இரண்டு இடங்களில் வெட்டும். அரைவட்டத்தில் அமையும் கோணம் செங்கோணம் என்பதால் அந்த இரண்டு வெட்டுப்புள்ளிகளும் தொடுபுள்ளிகள். தேர்வுத் தாளில் இரண்டு தொடுகோடுகளையும் வரைந்து நீளத்தைச் சரிபார்த்து முடித்துவிடுவோம். இங்கே இரண்டு தொடுபுள்ளிகளுக்கும் தனித்தனிப் பொருள் இருக்கிறது. சிறிய முள் எதிர்ச்சுற்றில் வருவதால் முதலில் இடப்பக்கத் தொடுபுள்ளியைக் கடக்கிறது. அங்கே அது ப-வை விட்டு நேராக விலகி ஓடுகிறது. பிறகு கீழே சென்று வலப்பக்கமாக ஏறி, வலப்பக்கத் தொடுபுள்ளியைக் கடக்கும்போது ப-வை நோக்கி நேராக வருகிறது. முதலாவது தூரம் மிக வேகமாகக் கூடும் நிலை, இரண்டாவது மிக வேகமாகக் குறையும் நிலை.

இடப்பக்கத் தொடுபுள்ளியையும் மையத்தையும் இணைத்து, அந்த இடத்தில் மூலைமட்டத்தை வைத்துப் பாருங்கள். அதன் ஒரு விளிம்பு ம-வையும் மறு விளிம்பு ப-வையும் தொட்டு நிற்க வேண்டும்.

ஆறாம் படி: எண்களும் நேரமும்

செங்கோணம் ச-வில் இருப்பதால் நிமிட முள்ளே கர்ணம். பிதாகரஸ் தேற்றப்படி, நுனிகளுக்கு இடையே உள்ள தூரத்தின் வர்க்கம் 4² − 3² = 7; ஆகவே தூரம் √7, ஏறத்தாழ 2.646 அலகு. நம் 6, 8 செ.மீ. அட்டையில் அது இரு மடங்காகி 5.29 செ.மீ. ஆகும். மூன்றாம் படியின் பட்டியலில் 40 பாகைக்கு 5.14 என்றும் 50 பாகைக்கு 6.19 என்றும் இருந்ததோடு இது பொருந்துகிறது.

இடைக்கோணத்தின் கொசைன் மதிப்பு மணி முள்ளின் நீளத்தை நிமிட முள்ளின் நீளத்தால் வகுத்தது, அதாவது 3/4. கைப்பேசிக் கணிப்பானில் 0.75க்கு நேர்மாறு கொசைன் (cos⁻¹) கண்டால் 41.41 பாகை வரும். உங்களுக்கு 0.7227 என்று வந்தால் கணிப்பான் ரேடியன் முறையில் இருக்கிறது. அதைப் பாகைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். 41.41ஐ 5.5ஆல் வகுத்தால் 7.529 நிமிடம், அதாவது 7 நிமிடம் 32 வினாடி. 12 மணிக்கு ஒன்றன்மேல் ஒன்று நின்ற முட்களின் நுனிகள் 12:07:32க்கு மிக வேகமாக விலகுகின்றன.

அடுத்தடுத்த நேரங்களுக்கு 65 நிமிடம் 27.27 வினாடியைக் கூட்டிக்கொண்டே செல்ல வேண்டும்: 1:12:59, 2:18:26, 3:23:54, 4:29:21, 5:34:48, 6:40:15, 7:45:43, 8:51:10, 9:56:37, 11:02:04. அதற்கடுத்தது மீண்டும் 12:07:32. மொத்தம் 11 நேரங்கள். பட்டியலை மறுபடி பாருங்கள்: 10 மணிக்கும் 11 மணிக்கும் இடையே ஒன்றுகூட இல்லை. 12 மணி நேரத்தில் 11 முறை மட்டுமே நிகழும் ஒன்று, ஏதோ ஒரு மணி நேரத்தை விட்டுவிடத்தான் வேண்டும். எதை விடுகிறது என்பது முட்களின் நீள விகிதத்தைப் பொறுத்தது.

நீங்கள் கணக்கிட்ட ஒரு நேரம் சரியா என்று பார்க்க, நிமிடத்தை 5.5ஆல் பெருக்கி, மணியை 30ஆல் பெருக்கிக் கழியுங்கள். 4:29:21ஐ எடுத்துக்கொண்டால், 29.35 × 5.5 = 161.4, அதிலிருந்து 120ஐக் கழித்தால் 41.4. வினாடிகளை நிமிடத்தின் பின்னமாக மாற்றிக்கொள்ள மறக்கக் கூடாது. 21 வினாடி என்பது 0.35 நிமிடம், 0.21 நிமிடம் அன்று.

உச்ச வேகம் எவ்வளவு என்பதற்கும் விடை கையிலேயே இருக்கிறது. சிறிய முள்ளின் நுனி 6 செ.மீ. ஆரமுள்ள வட்டத்தின் சுற்றளவான 37.7 செ.மீ.யை 65 5/11 நிமிடத்தில் கடக்கிறது, நிமிடத்துக்கு 5.76 மி.மீ. தொடுகோட்டு நிலையில் இந்த வேகம் முழுவதும் விலகும் வேகமாகிறது. இதில் பெரிய முள்ளின் நீளம் எங்குமே வரவில்லை என்பதைக் கவனியுங்கள். நிமிட முள்ளை 8 செ.மீ.க்குப் பதிலாக 20 செ.மீ. ஆக்கினாலும் நுனிகள் விலகும் உச்ச வேகம் அதே 5.76 மி.மீ.தான், உச்சம் நிகழும் கோணம் மட்டுமே மாறும். இந்தப் புதிரில் என்னை மிகவும் வியக்க வைப்பது √7 அன்று, இதுதான்.

ஏழாம் படி: நூலால் வேகத்தைப் படித்தல்

உச்சத்தை மட்டுமன்றி எந்த நிலையிலும் வேகத்தைச் சொல்லும் முறை ஒன்று உண்டு. அட்டைக் கடிகாரத்தின் இரு நுனிகளையும் தொட்டுச் செல்லுமாறு ஒரு நூலை இழுத்துப் பிடித்து, இருபுறமும் நீள விடுங்கள். மையத்திலுள்ள குண்டூசியிலிருந்து நூலுக்கு உள்ள செங்குத்துத் தூரத்தை அளங்கள். நுனிகள் விலகும் வேகம் எப்போதும் இந்தச் செங்குத்துத் தூரத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும்.

காரணம் எளிது. ச-வின் வேகத்தில் ப-வை விட்டு விலகும் பங்கு, முக்கோணத்தில் ச என்ற உச்சியில் உள்ள கோணத்தின் சைன் மதிப்பைப் பொறுத்தது. சிறிய முள்ளின் நீளத்தை அதே சைன் மதிப்பால் பெருக்கினால் வருவது மையத்திலிருந்து நூலுக்கு உள்ள செங்குத்துத் தூரம். முட்கள் செங்கோணத்தில் நிற்கும்போது 6 × 8 ÷ 10 = 4.8 செ.மீ. வரும், உச்சமான 6 செ.மீ.யில் இது ஐந்தில் நான்கு பங்கு. அதாவது ஊகித்த செங்கோண நிலையில் வேகம் உச்சத்தின் 80 விழுக்காடு மட்டுமே.

நிமிட முள்ளை மெல்ல நகர்த்திக்கொண்டே நூலைக் கவனித்தால் இன்னொன்றும் தெரியும். தொடக்கத்தில் செங்குத்தின் அடி இரு நுனிகளுக்கும் வெளியே, சிறிய முள்ளின் நுனியைத் தாண்டி, நீட்டிய நூலின்மேல் விழுகிறது. இடைக்கோணம் 41.4 பாகையை அடையும்போது அது சரியாகச் சிறிய முள்ளின் நுனியில் வந்து உட்காருகிறது. பிறகு இரு நுனிகளுக்கும் இடையே நுழைகிறது. மையத்திலிருந்து நூலுக்கு உள்ள மிகக் குறுகிய தூரமே செங்குத்து; நூலின்மேல் சிறிய முள்ளின் நுனியும் இருப்பதால், செங்குத்து ஒருபோதும் சிறிய முள்ளைவிட நீளமாக இருக்க முடியாது. நான்காம் படியின் முடிவை இதுவே மறுபடி நிறுவிவிடுகிறது.

வகைநுண்கணிதம் தெரிந்தவர்களுக்கு

கொசைன் விதிப்படி, தூரம்² = 6² + 8² − 2 × 6 × 8 × கொசைன்(இடைக்கோணம்). இதை இடைக்கோணத்தைச் சார்ந்து வகையிட்டால், வேகம் = 6 × 8 × சைன்(இடைக்கோணம்) ÷ தூரம் என்று வரும். மேல் பகுதி முக்கோணத்தின் பரப்பளவைப் போல் இரு மடங்கு. அதை ஒரு பக்கத்தால் வகுத்தால் அந்தப் பக்கத்துக்கான செங்குத்து உயரம் கிடைக்கும். ஏழாம் படியின் நூல் சொன்னதும் இதுதான். இதை மேலும் ஒருமுறை வகையிட்டுச் சுழியத்துக்குச் சமப்படுத்தினால் கொசைனில் ஓர் இருபடிச் சமன்பாடு வரும். அதன் தீர்வுகள் 3/4, 4/3. கொசைன் 1ஐத் தாண்டாது என்பதால் 3/4 மட்டுமே எஞ்சும்.

நீளங்களை மாற்றிப் பார்த்தல்

முறை பிடிபட்டதா என்று அறிய வேறு நீளங்களை முயலுங்கள். 3, 5 நீள முட்களுக்குத் தூரம் 4 அலகு, இடைக்கோணம் 53.13 பாகை, 12 மணிக்குப் பிறகு முதல் நேரம் 12:09:40. 5, 13 நீள முட்களுக்குத் தூரம் 12. மணி முள்ளை மிகச் சிறியதாக்கிக்கொண்டே போனால் கோணம் 90 பாகையை நெருங்கும். ஊகித்தவர்கள் அந்த எல்லையில் மட்டும் ஏறத்தாழச் சரி. இரண்டு முட்களும் சம நீளமானவை என்றால் கோணம் 0 பாகையாகிறது. முட்கள் ஒட்டிநின்று பிரியும் கணத்திலேயே வேகம் உச்சத்தில் தொடங்கி, அதன் பிறகு குறைந்துகொண்டே வருகிறது.

மணி முள்ளுக்குப் பதிலாக நிமிட முள்ளையும் நிமிட முள்ளுக்குப் பதிலாக வினாடி முள்ளையும் வைத்தால், அட்டை இல்லாமலேயே இதைக் கண்ணால் காணலாம். ஆனால் கடிகாரத்தைக் கவனமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். சாதாரண குவார்ட்ஸ் கடிகாரத்தின் வினாடி முள் 6 பாகை பாய்ந்து, நின்று, மீண்டும் பாய்கிறது; வினாடி முள் ஓசையின்றி வழுக்கிச் செல்லும் வகைக் கடிகாரம்தான் இதற்கு ஏற்றது. வினாடி முள் 9 செ.மீ., நிமிட முள் 8 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். வினாடி முள் நிமிட முள்ளை வினாடிக்கு 5.9 பாகை முந்துகிறது. கொசைன் மதிப்பு 8/9, கோணம் 27.3 பாகை, ஆகவே வினாடி முள் நிமிட முள்ளைத் தாண்டிய 4.6 வினாடியில் உச்சம் வருகிறது. அப்போது நுனிகளுக்கு இடையே உள்ள தூரம் √17, அதாவது 4.1 செ.மீ. நுனிகள் விலகும் வேகம் வினாடிக்கு 8.2 மி.மீ. அடுத்த வாய்ப்புக்கு 61 வினாடி காத்திருந்தால் போதும்.